இரவைக் காணாத கோளும் வெயிலை இழந்த சிறுமியும்: விஞ்ஞானச் சிறுகதைகளை ஒப்பிட்டுப் படிப்பது எப்படி?

விஞ்ஞானக் கதை ஒன்றைப் படித்துவிட்டு நண்பரிடம் அதைச் சொல்லும்போது எங்கிருந்து தொடங்குகிறோம்? "ஒரு கோள், அங்கே இரவே கிடையாது" என்போம். அல்லது "மனிதர்கள் எல்லாரும் இறந்துபோன பிறகும் ஒரு வீடு மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது" என்போம். குடும்பக் கதையாக இருந்தால் "ஒரு தாய், அவளுக்கு ஒரே மகன்" என்று ஆளிலிருந்து தொடங்குகிற அதே வாய், இங்கே கோளிலிருந்து தொடங்குகிறது. இந்தப் பழக்கம் மெல்ல ஒரு நம்பிக்கையாகவும் மாறிவிடுகிறது: கற்பனை எவ்வளவு பெரிதோ, கதை அவ்வளவு சிறந்தது.

நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையைக் கலைத்தவை இரண்டு சிறுகதைகள். ஒன்று, ஐசக் அசிமோவின் ‘நைட்ஃபால்’, 1941இல் வெளிவந்தது. மற்றொன்று, ரே பிராட்பரியின் ‘ஆல் சம்மர் இன் எ டே’, 1954இல் வெளிவந்தது. இரண்டிலும் கற்பனை ஏறக்குறைய ஒன்றுதான். நமக்கு அன்றாடம் கிடைக்கும் ஒரு வானக் காட்சி அங்கே மிக அரிதாகிவிட்டது. அசிமோவின் கோளில் இரவு 2049 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. பிராட்பரியின் கோளில் வெயில் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. விதை ஒன்றாக இருக்கும்போது விளைச்சலின் வேறுபாட்டுக்கு விதையைக் காரணம் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் படிக்கப் பழகுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான இணை எனக்குத் தெரியவில்லை.

முடிவுகளைச் சொல்லாமல் இந்தக் கதைகளைப் பற்றிப் பேச இயலாது. முன்பே தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் கதைகளைப் படித்துவிட்டு வாருங்கள். ‘ஆல் சம்மர்’ சில பக்கங்கள்தான். ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் படித்துவிடலாம்.

மாறிய விதி

முதலில் ஒரு அடிப்படை. விக்கிரமாதித்தன் கதையில் சிம்மாசனத்துப் பதுமை வாய் திறந்து பேசுகிறது. அது எப்படிப் பேசுகிறது என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் கதை கெட்டுவிடும். விஞ்ஞானக் கதையில் ஒரு சிலை பேசினால் கேட்போம், கேட்கவும் வேண்டும். யார் செய்தது, எதனால் பேசுகிறது, அது பேசத் தொடங்கிய பிறகு அந்த ஊர் எப்படி மாறிப்போனது என்றெல்லாம் கேட்பதற்கு அந்த வகைக் கதை நமக்கு உரிமை தருகிறது.

நம் உலகத்திலிருந்து கதையின் உலகத்தைப் பிரித்துக் காட்டும் அந்தப் புதிய அம்சத்தை, டார்கோ சுவின் என்ற இலக்கிய அறிஞர் 1979இல் வெளிவந்த தம் நூலில் ‘நோவம்’ என்று அழைத்தார். புதியது என்பதற்கான லத்தீன் சொல் அது. நான் அதை ‘மாறிய விதி’ என்றே சொல்லப்போகிறேன். விஞ்ஞானச் சிறுகதை பெரும்பாலும் ஒரே ஒரு விதியைத்தான் மாற்றும். மற்றவை எல்லாம் பழையபடி இருக்கும். மக்கள் சாப்பிடுவார்கள், பொறாமைப்படுவார்கள், பள்ளிக்கூடம் போவார்கள். நாவலுக்குப் பல விதிகளை மாற்ற இடம் உண்டு. இருபது பக்கத்துக்கு ஒன்றே போதும்.

விதியைக் கண்டுபிடிப்பது எளிது. அதோடு நிறுத்திவிட்டால் ஒப்பீடும் அங்கேயே நின்றுவிடும். நான் அடுத்துக் கேட்கும் கேள்வி: விதி மாறியதற்கு விலை கொடுப்பவர் யார்?

ஆறு சூரியன்கள்

‘நைட்ஃபால்’ பிறந்த விதமே சுவையானது. ‘அஸ்டவுண்டிங்’ பத்திரிகையின் ஆசிரியர் ஜான் கேம்ப்பெல், அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சன் எழுதிய ஒரு வாக்கியத்தை அசிமோவிடம் காட்டினார். விண்மீன்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒரே ஓர் இரவு மட்டும் தோன்றினால் மனிதர்கள் எப்படி நம்பிப் பணிவார்கள், அந்தக் காட்சியின் நினைவை எத்தனை தலைமுறைகளுக்குக் காத்து வைப்பார்கள் என்பது எமர்சனின் வியப்பு. கேம்ப்பெல்லுக்கு அது சரியாகப் படவில்லை. மனிதர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்றார் அவர். போய் எழுது என்று அனுப்பினார். அசிமோவுக்கு அப்போது 21 வயது.

லாகாஷ் என்ற கோளுக்கு ஆறு சூரியன்கள். ஒன்று மறைந்தால் இன்னொன்று இருக்கும். இருட்டு என்றால் என்னவென்று அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் அகழ்வாய்வில் அடுக்கடுக்காகச் சாம்பல் கிடைக்கிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு நாகரிகம் எரிந்து அழிந்திருக்கிறது. அதே நேரத்தில் வானியலாளர்கள், ஆறில் ஒரு சூரியனைச் சுற்றும் தம் கோளின் பாதை ஈர்ப்பு விதிக் கணக்கோடு பொருந்தாததைக் கண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு துணைக்கோள் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வருகிறார்கள். வானத்தில் ஒரே சூரியன் மட்டும் இருக்கும் நாளில் அந்தத் துணைக்கோள் அதை மறைக்கும். கிரகணம் அரை நாளுக்கும் மேல் நீடிக்கும். கோள் முழுவதும் இருளில் மூழ்கும். இருட்டைக் கண்டு வெறிபிடித்த மக்கள் வெளிச்சத்துக்காகக் கையில் கிடைத்ததையெல்லாம் கொளுத்துவார்கள். கதை அந்தக் கிரகணத்துக்குச் சில மணி நேரத்துக்கு முன்பு, ஒரு வானாய்வகத்தில் தொடங்குகிறது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. பலர் அதைக் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். இரண்டு இளம் ஆராய்ச்சியாளர்கள் கிரகணத்துக்கு முன்பே சொந்தமாக ஒரு சோதனை செய்து பார்க்கிறார்கள். ஒரு வீட்டை வாங்கி, உள்ளே முழுவதும் கறுப்பு வெல்வெட் துணி போர்த்தி, கூரையில் சிறு ஓட்டைகள் போட்டு, அவற்றில் வெளிச்சப் புள்ளிகள் தெரியும்படி செய்கிறார்கள். இருட்டில் உட்கார்ந்து அந்தப் புள்ளிகளைப் பார்க்கிறார்கள். பைத்தியம் பிடிக்கவில்லை, ஒன்றுமே நேரவில்லை. படிப்பவருக்கு அங்கே ஒரு சின்ன ஆறுதல் கிடைக்கிறது: பயந்த அளவுக்கு இருக்காதோ? அந்த ஆறுதலை நமக்குக் கொடுத்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் அசிமோவ் அதைப் பிடுங்கிக்கொள்கிறார். லாகாஷ் ஒரு பெரும் விண்மீன் திரளின் நடுவில் இருக்கிறது. இருட்டியதும் வானத்தில் முப்பதாயிரம் சூரியன்கள் எரிகின்றன. இருட்டுக்குத் தயாராக இருந்தவர்கள்கூட அதற்குத் தயாராக இல்லை. ஆறு சூரியன்களே பிரபஞ்சம் என்று எண்ணியிருந்த, வானாய்வகத்தின் முதிய இயக்குநர், எங்களுக்கு எதுவுமே தெரியாமல் இருந்தது என்று குழந்தையைப் போல் அழுகிறார். ஜன்னலுக்கு வெளியே நகரம் இருக்கும் திசையில் சிவப்பு ஒளி எழுகிறது. அது சூரியன் அல்ல.

1965க்கு முன்பு வந்த விஞ்ஞானச் சிறுகதைகளில் மிகச் சிறந்தவை எவை என்று 1968இல் அமெரிக்க விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் சங்கத்தின் உறுப்பினர்கள் வாக்களித்தபோது, முதலிடம் இந்தக் கதைக்குத்தான் கிடைத்தது. அந்த வாக்கெடுப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் நான் இதை முதலிடத்தில் வைக்க மாட்டேன்.

காரணம், விலை. இங்கே விலை கொடுப்பது ஒரு நாகரிகம். கோடிக்கணக்கானவர்கள் அழியப்போகிறார்கள். அவர்களில் ஒருவரையாவது நமக்குத் தெரியுமா? ஆடன், ஷீரின், தெரமான் என்று பெயர்கள் இருக்கின்றன. பெயரோடு எண்ணும் இருக்கிறது. ஷீரின் உளவியலாளர், தெரமான் பத்திரிகையாளர். ஒருவர் கேட்க, மற்றவர் விளக்குவதற்காக அவர்கள் வந்திருக்கிறார்கள். கதையின் பெரும்பகுதி இந்த விளக்கம்தான். பத்திரிகையாளரின் வேலையை உளவியலாளருக்குக் கொடுத்து எழுதினாலும் கதையில் பெரிய மாற்றம் வராது. தெரமானுக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள், வெளிச்சம் போனால் அவன் யாரை நினைத்துக்கொள்வான் என்று எதுவும் தெரியாமலே கதை முடிகிறது. வாய் பிளக்கிறோம், நெஞ்சு அடைப்பதில்லை.

அசிமோவ் குறிவைத்தது வியப்பை, பிரபஞ்சத்தின் முன் மனிதன் சிறுத்துப்போகும் அந்த நொடியை என்று யாராவது சொல்லலாம். சரியான வாதம். எந்தக் கதையையும் அது குறிவைத்ததை வைத்தே அளக்க வேண்டும். அந்த அளவுகோலில் ‘நைட்ஃபால்’ வெற்றிபெற்ற கதைதான். ஆனால் அதே விதையிலிருந்து வியப்போடு நிற்காத ஒரு கதையும் முளைக்க முடியும் என்பதைப் பிராட்பரி காட்டினார்.

ஏழு ஆண்டு மழை

வெள்ளிக் கோளில் மனிதர்கள் குடியேறியிருக்கிறார்கள். அங்கே இடைவிடாத மழை. ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் மழை நின்று, ஒன்றிரண்டு மணி நேரம் வெயில் அடிக்கும். இன்று அந்த நாள். வகுப்பறையில் ஒன்பது வயதுக் குழந்தைகள் ஜன்னலில் மொய்த்துக்கொண்டு நிற்கிறார்கள். போன முறை வெயில் வந்தபோது அவர்களுக்கு இரண்டு வயது. எதுவும் நினைவில் இல்லை. மார்கோ என்ற ஒரு சிறுமிக்கு மட்டும் சூரியன் நினைவிருக்கிறது, ஏனென்றால் அவள் நான்கு வயதுவரை பூமியில் இருந்தவள். சூரியன் ஒரு செப்புக்காசு போல இருக்கும், அடுப்பு நெருப்பு போல இருக்கும் என்கிறாள். பொய் சொல்கிறாய் என்கிறார்கள். அவளைப் பெற்றோர் பூமிக்கே திரும்ப அழைத்துப் போகக்கூடும் என்ற பேச்சும் இருக்கிறது. மற்றக் குழந்தைகளின் வெறுப்புக்கு இவ்வளவு போதும். ஆசிரியை வெளியே போன நேரத்தில் அவளைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு சாமான் அறையில் அடைத்துப் பூட்டிவிடுகிறார்கள்.

மழை நிற்கிறது. வெயில் வருகிறது. குழந்தைகள் ஓடுகிறார்கள், ஆடுகிறார்கள், முகத்தை வெயிலில் காட்டுகிறார்கள். பிறகு ஒரு சிறுமி விசும்புகிறாள். அவள் உள்ளங்கையில் ஒரு மழைத்துளி விழுந்திருக்கிறது. எல்லாரும் உள்ளே வருகிறார்கள், கதவை மூடுகிறார்கள். இன்னும் ஏழு ஆண்டுகளா என்று ஒருத்தி கேட்கிறாள். ஆமாம், ஏழு. அப்போதுதான் யாரோ ஒரு குழந்தைக்கு நினைவு வருகிறது: மார்கோ.

இருவர் எழுதிய முறையையும் இப்போது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாறிய விதியை விளக்க அசிமோவுக்கு அகழ்வாய்வு, வானியல், உளவியல், ஒரு மதக் குழு என எல்லாம் தேவைப்பட்டன. பிராட்பரி ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார்: ஏழு ஆண்டுகளாக மழை, அவ்வளவுதான். மிச்சமான இடம் முழுவதையும் ஒரு வகுப்பறைக்குக் கொடுக்கிறார். வகுப்பறை என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளை, தனியாக உட்காரும் பிள்ளை, மற்றவர்களுக்குக் கிடைக்காத ஒன்றைப் பெற்ற பிள்ளை. அந்தப் பிள்ளையை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். சிலர் அந்தப் பிள்ளையாக இருந்திருக்கிறோம். அடைத்துப் பூட்டிய கூட்டத்தில் இருந்தவர்களும் நம்மில் உண்டு. அதனால்தான் படித்து முடித்த பிறகு வியப்பு வருவதில்லை, வெட்கம் வருகிறது.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: விதி இல்லாவிட்டால் இந்தக் கொடுமைக்கு இந்த எடை கிடைக்காது. சென்னையில் ஒரு குழந்தையை ஒரு மணி நேரம் அறையில் பூட்டிவைத்தால் அது தவறுதான். ஆனால் கதவைத் திறந்ததும் வெளியே வெயில் இருக்கும். வெள்ளியில் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஏழு ஆண்டு மதிப்பு. சாதாரணக் குறும்பை ஈடுசெய்யவே முடியாத குற்றமாக மாற்றுவது அந்தக் கோளின் வானிலை. மாறிய விதி மனிதச் செயலின் மீது இப்படி அழுத்தும்போதுதான் விஞ்ஞானமும் கதையும் ஒன்றாகின்றன. விதியை எடுத்துவிட்டாலும் கதை அப்படியே நிற்குமானால் அந்த விஞ்ஞானம் வெறும் அலங்காரம். ஆளை எடுத்துவிட்டாலும் கதை அப்படியே நிற்குமானால், அது நல்ல கட்டுரையாக வந்திருக்க வேண்டிய ஒன்று.

விஞ்ஞானம் பொய்த்துப்போனால்?

வெள்ளியில் மழை பெய்யாது. 1962இல் மரைனர் 2 விண்கலம் அந்தக் கோளைக் கடந்து சென்றபோதே அது கொதிக்கும் உலகம் என்பதற்கான சான்று கிடைத்துவிட்டது. 1970இல் சோவியத் யூனியனின் வெனீரா 7 அங்கே தரையிறங்கியது. தரையில் வெப்பம் 460 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறது, ஈயம் உருகிவிடும். மேகங்கள் கந்தக அமிலத்தால் ஆனவை. பிராட்பரியின் காடும் மழையும் குழந்தைகளும் இருக்க வழியே இல்லை.

அப்படியானால் கதை செத்துவிட்டதா? இல்லை. ஏன் சாகவில்லை என்பதில்தான் தொடங்கும் வாசகருக்குப் பெரிய பாடம் இருக்கிறது. வீட்டில் சில சுவர்களை இடித்தாலும் கூரை நிற்கும். சில தூண்களைத் தொட்டாலே கூரை இறங்கிவிடும். பிராட்பரியின் கதையில் வெள்ளி என்ற பெயர் ஒரு சுவர்தான். அந்தப் பெயரை அழித்துவிட்டு வேறொரு விண்மீனைச் சுற்றும் ஏதோ ஒரு கோளின் பெயரை எழுதினாலும் கூரை அசையாது. கூரையைத் தாங்கும் தூண், குழந்தைகளின் பொறாமை. அதில் பொய் இல்லை.

தூணிலேயே விரிசல் விழுந்த கதைக்கும் ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமே. அதே 1954ஆம் ஆண்டு, ‘அஸ்டவுண்டிங்’ பத்திரிகையில் டாம் காட்வினின் ‘தி கோல்ட் ஈக்வேஷன்ஸ்’ வந்தது. தொலைதூரக் கோள் ஒன்றில் ஆறு பேர் காய்ச்சலில் சாகக் கிடக்கிறார்கள். அவர்களுக்கு மருந்து கொண்டுபோகிறது ஒரு சிறு கலம். ஒரே ஒரு விமானி. அவன் எடைக்குக் கணக்குப் போட்டு நிரப்பிய எரிபொருள். நடுவழியில், பொருள்கள் வைக்கும் அறையில் ஒரு பெண் ஒளிந்திருப்பது தெரியவருகிறது. மர்லின் என்ற பதினெட்டு வயதுப் பெண். தன் அண்ணனைப் பார்க்க ஆசைப்பட்டு ஏறியவள். பிடிபட்டால் அபராதம் கட்டினால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள். அவள் எடையோடு கலம் தரையிறங்க முடியாது. அவளை வெளியே தள்ளாவிட்டால் விமானியும் சாவான், அந்த ஆறு பேரும் சாவார்கள். அவளுக்கு மிச்சம் இருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். ரேடியோவில் அண்ணனோடு பேசுகிறாள். பிறகு தானே நடந்துபோய், விண்வெளிக்குத் திறக்கும் காற்றுப்பூட்டு அறைக்குள் நிற்கிறாள். கதவு மூடுகிறது.

ஒரே ஆண்டில் வந்த இரண்டு கதைகள். இரண்டிலும் ஒரு சிறு பெண், ஒரு மூடிய கதவு. படிக்கும் நேரத்தில் காட்வினின் கதை பிராட்பரியைவிட இறுக்கிப் பிடிக்கும். விலை கொடுப்பவள் நம் கண்ணெதிரே நிற்கிறாள், கடிகாரம் ஓடுகிறது. கொல்வது வில்லன் அல்ல, கணக்கு. ஆனால் மறுநாள் காலையில் கேள்விகள் வரும். ஒளிந்திருப்பவர்களைச் சுட விமானிக்குத் துப்பாக்கி கொடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் இது முன்பும் நடந்திருக்கிறது. பிறகு ஏன் அந்த அறைக்கு ஒரு பூட்டுப் போடவில்லை? கிளம்பும் முன் உள்ளே எட்டிப்பார்க்க ஒருவர்கூட இல்லையா? வாசலில் வைத்த பலகையில் "நுழையக் கூடாது" என்பதோடு "நுழைந்தால் மரணம்" என்று இன்னொரு வரி எழுத என்ன செலவு? உயிர்காக்கும் பயணத்துக்கு உபரி எரிபொருளே இல்லாமல் கலத்தை அனுப்பியது எந்தக் கணக்கு?

இந்தக் கேள்விகளைச் சுவர்க் கேள்விகள் என்று ஒதுக்க முடியாது. ஏனென்றால் கதை முழுவதும் ஒரே வாக்கியத்தின் மேல் நிற்கிறது: இதில் யார்மேலும் குற்றமில்லை, இயற்கையின் விதி இரக்கமற்றது. பூட்டுப் போடாதவர்கள்மேல் குற்றம் இருக்கிறது என்று தோன்றிய நொடியில் அந்த வாக்கியம் உடைந்துபோகிறது. காட்வின் முதலில் அந்தப் பெண்ணைக் காப்பாற்றும் முடிவுகளைத்தான் எழுதினார். கேம்ப்பெல்தான் மீண்டும் மீண்டும் திருத்தச் சொல்லி இந்த முடிவுக்குக் கொண்டுவந்தார். அது தெரிந்த பிறகு, கதவை மூடியது கணக்கா, கணக்குப் பேரைச் சொல்லும் மனிதர்களா என்ற ஐயம் எனக்கு இன்னும் வலுத்தது. பிராட்பரியின் குழந்தைகள் கதவைத் தாங்களே பூட்டினார்கள், அதைத் தாங்களே திறக்கவும் வேண்டியிருந்தது. வெள்ளியின் வானிலைமேல் பழி போட அவர் அவர்களை விடவில்லை.

ஆளே இல்லாத கதை

"விலை கொடுக்கும் ஆள் வேண்டும் என்கிறீர்கள். ஆளே இல்லாத கதை மனத்தை உலுக்குகிறதே?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் எடுத்துக்காட்டுவதும் பிராட்பரியின் கதைதான். 1950இல் வெளிவந்த ‘தேர் வில் கம் சாஃப்ட் ரெயின்ஸ்’. அணுகுண்டில் அழிந்த ஊரில் ஒரு தானியங்கி வீடு மட்டும் மிச்சம். காலையில் எட்டு முட்டை பொரிக்கிறது, எட்டு ரொட்டித் துண்டு வாட்டுகிறது, நேரம் சொல்கிறது, குப்பையைக் கூட்டுகிறது. சாப்பிட யாரும் இல்லை. வெளிச்சுவர் முழுவதும் கருகியிருக்கிறது. ஐந்து இடங்களில் மட்டும் பழைய வர்ணம் உரு உருவாகத் தப்பியிருக்கிறது. புல் வெட்டும் ஆண். பூப் பறிக்கக் குனிந்த பெண். கையை உயர்த்திய சிறுவன், மேலே எறிந்த பந்து, அதைப் பிடிக்கக் காத்திருக்கும் சிறுமி.

ஆள் இல்லையா? நான்கு பேர் இருக்கிறார்கள். எட்டு முட்டையும் அவர்களுக்குத்தான். விலையைக் கதை தொடங்கும் முன்பே அவர்கள் கொடுத்துவிட்டார்கள். நாம் பார்ப்பது ரசீதை. விலை கொடுத்தவரை மேடையில் நிறுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அவர் இருந்த இடத்தைக் காட்டினாலும் போதும் என்று இந்தக் கதைதான் என்னைத் திருத்தியது.

விலைக் கேள்வி அவ்வளவாகப் பொருந்தாத கதைகளும் உண்டு. வங்க எழுத்தாளர் ரொக்கேயா ஹுசைன் 1905இல் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ அப்படிப்பட்டது. சென்னையிலிருந்து வெளிவந்த ‘தி இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில் வந்த கதை என்பதால் நம் ஊருக்கும் அதில் ஒரு சிறு பங்கு உண்டு. பெண்கள் ஆளும் நாடு, சூரிய வெப்பத்தைப் பிடித்து வைத்துப் பயன்படுத்தும் பெண் விஞ்ஞானிகள், திரைக்குப் பின்னால் அடைபட்டிருக்கும் ஆண்கள். கதையில் பெரிய திருப்பம் எதுவும் இல்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள், அவ்வளவுதான். அதன் வலிமை தலைகீழாக்கியதில் இருக்கிறது. ஆண்களை அடைத்துவைத்திருப்பது விந்தையாகத் தோன்றும் ஒவ்வோர் இடத்திலும், பெண்களை அடைத்துவைத்திருப்பது ஏன் விந்தையாகத் தோன்றவில்லை என்று படிப்பவரே தம்மைக் கேட்டுக்கொள்கிறார். அங்கே கதையின் மறுபாதி நம் வீட்டில் நடக்கிறது.

எழுத்துப் பிழையே கதையாகும்போது

விதி, விலை, தூண் மூன்றும் ஒன்றாகவே ஆகிவிட்ட ஒரு கதையைச் சொல்கிறேன். என் கணக்கில் முதலிடம் இதற்குத்தான். டேனியல் கீஸ் எழுதி 1959இல் வெளிவந்த ‘ஃபிளவர்ஸ் ஃபார் அல்ஜெர்னான்’.

சார்லி கோர்டனுக்கு அறிவுத்திறன் எண் (ஐ.க்யூ.) 68, சராசரியைவிட மிகக் குறைவு. எழுதப் படிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தீராத ஆசை. அறிவைப் பெருக்கும் ஓர் அறுவைச் சிகிச்சையை ஏற்கெனவே அல்ஜெர்னான் என்ற எலிக்குச் செய்து வெற்றி கண்ட மருத்துவர்கள், முதல் மனிதனாகச் சார்லிக்குச் செய்கிறார்கள். கதை முழுவதும் சார்லி தன் கைப்பட எழுதும் முன்னேற்ற அறிக்கைகள். தமிழில் எழுதியிருந்தால் முதல் அறிக்கையின் தலைப்பு ‘முன்நேற்ற அரிக்கை’ என்று இருந்திருக்கும். மூலத்தில் பிழைகள் அந்த மாதிரிதான். சிகிச்சைக்குப் பிறகு பிழைகள் குறைகின்றன. ஒருநாள் காற்புள்ளியைக் கற்றுக்கொள்கிறான். அன்றைய அறிக்கையில் இரண்டு சொல்லுக்கு ஒரு காற்புள்ளி. வாக்கியங்கள் நீள்கின்றன, சொற்கள் கடினமாகின்றன. தன்னோடு சேர்ந்து சிரிப்பதாக அவன் நினைத்திருந்த நண்பர்கள் தன்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள் என்று புரிகிறது. ஓர் உணவகத்தில் தட்டுகளைக் கீழே போட்டு உடைத்த மந்தபுத்திப் பையனைப் பார்த்து எல்லாரும் சிரிக்க, சார்லியும் ஒரு கணம் சிரித்துவிடுகிறான். பிறகு கொதித்து எழுகிறான்.

‘நைட்ஃபால்’ போல இங்கே யாரும் யாருக்கும் விதியை விளக்க வேண்டியதில்லை. அறிவு கூடுவதை எழுத்திலேயே பார்க்கிறோம். அறிவு குறையத் தொடங்குவதையும் அங்கேதான் பார்க்கிறோம். மருத்துவர்களைத் தாண்டிச் சென்ற சார்லி, தானே ஆராய்ந்து ஓர் உண்மையைக் கண்டுபிடிக்கிறான்: செயற்கையாக எவ்வளவு வேகத்தில் அறிவு உயர்ந்ததோ, அந்த அளவுக்கு வேகமாக அது சரியும். அல்ஜெர்னான் முதலில் தடுமாறி, பிறகு இறந்துபோகிறது. சார்லி தன் வாழ்க்கையின் மிகப் பெரிய அறிவியல் கண்டுபிடிப்பில் தன் தீர்ப்பைத் தானே எழுதியிருக்கிறான். விதியைக் கண்டவனும் விலை கொடுப்பவனும் ஒரே ஆள். அடுத்தடுத்த அறிக்கைகளில் காற்புள்ளிகள் மறைகின்றன. பழைய பிழைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. முதல் பக்கத்தில் நம்மைப் புன்னகைக்க வைத்த அதே பிழைதான், கடைசிப் பக்கத்தில் படிக்க முடியாமல் கண்ணை மறைக்கிறது.

அந்த அறுவைச் சிகிச்சை நடக்கக்கூடியதா என்று நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை. அது இங்கே சுவர். தூண், சார்லியின் எழுத்து.

கீஸ் இந்தக் கதையை முதலில் ‘கேலக்ஸி’ பத்திரிகைக்குக் கொண்டுபோனார். அதன் ஆசிரியர் ஹொரேஸ் கோல்ட் முடிவை மாற்றச் சொன்னார். சார்லியின் அறிவு அப்படியே நிலைக்கட்டும், அவன் தன் ஆசிரியையை மணந்து மகிழ்ச்சியாக வாழட்டும் என்றார். கேம்ப்பெல் ஒரு பெண்ணைக் காப்பாற்ற விடவில்லை. கோல்ட் ஒருவனைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்றார். காட்வின் ஆசிரியர் சொன்னபடி மாற்றினார். பணத்துக்குக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்த இளம் எழுத்தாளர் கீஸ் மாற்றவில்லை. கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கதை வேறு பத்திரிகையில் வந்தது. மறு ஆண்டே விஞ்ஞானப் புனைகதைக்கான ஹியூகோ விருது பெற்றது.

நீங்கள் அடுத்து இரண்டு கதைகளை எடுத்து ஒப்பிடும்போது, முடிவை மாற்றிப் பாருங்கள். மார்கோவுக்கு வெயில் கிடைத்துவிட்டால் அந்தக் கதை என்னவாகும்? மர்லின் பிழைத்துவிட்டால்? சார்லியின் கடைசி அறிக்கை பிழையே இல்லாமல் இருந்தால்? அந்தக் கடைசி அறிக்கையில் சார்லி யாரையும் குறை சொல்வதில்லை. ஊரைவிட்டுப் போகிறேன் என்கிறான். பிறகு, அடியில், தப்பும் தவறுமாக ஒரு வேண்டுகோள்: முடிந்தால் கொல்லைப்புறத்தில் இருக்கும் அல்ஜெர்னானின் கல்லறையில் கொஞ்சம் பூ வையுங்கள்.